சும்மா என்று எழுத முடியாது

என் சலூனில் நாற்காலி இரண்டுதான். ஆனால் நாட்டில் எந்தச் சட்டம் வந்தாலும் அதை அலசிப் பிழிந்து காயப்போடுவது அங்கேதான். உயிரோடு இருக்கும் ஒருவர் தன் சிறுநீரகத்தில் ஒன்றை நோயாளிக்குக் கொடுத்தால் அரசாங்கமே அவருக்கு ஒரு தொகை கொடுக்கும் என்று சட்டம் வந்தபோதும் அப்படித்தான். அதற்கு நன்றித்தொகை என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு சாதாரணத் தொழிலாளி இரண்டு வருடம் உழைத்தால் கையில் பார்க்கக்கூடிய பணம். ஓய்வெடுக்கும் நாட்களுக்குச் சம்பளம் தனி, ஆயுசுக்கும் பரிசோதனை இலவசம்.

நாங்கள் வக்கீல் என்று கூப்பிடும் பெரியவர் ஒரு நாளும் கோர்ட்டுக்குப் போனவர் இல்லை. தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வாதாடுவதிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை. இன்றைக்குக் கிட்னிக்குக் காசு என்பார்கள், நாளைக்குக் கண்ணுக்கு என்பார்கள், ஏழை உடம்பில் எதை விட்டுவைப்பார்கள் என்று அவர் ஆரம்பித்தார். பக்கத்து நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு காத்திருந்த லாரி டிரைவர் விடவில்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டருக்குக் காசு, மயக்க மருந்து கொடுப்பவருக்குக் காசு, கத்தி செய்து விற்கிறவனுக்குக் காசு, உறுப்பைக் கொடுக்கிற ஆள் மட்டும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. எனக்கு எரிச்சலே அதுதான். தலையை ஆட்டினால் காது போய்விடும் என்று சொல்லி வக்கீலின் தலையைப் பிடித்து நேராக வைத்தேன். சலூனுக்குப் பின்னால் இருக்கும் அறையில் என் மனைவி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் இருவருக்கும் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்கள்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். மற்ற நாட்களில் அந்தப் பின்னறையில் பேண்ட் நீளம் குறைப்பாள், அறுந்த ஜிப்பை மாற்றுவாள். யாரிடமும் எதையும் இனாமாக வாங்க மாட்டாள். பக்கத்துக் கடைக்காரர் ஒரு ஊசி கொடுத்தால் மறுநாள் அவர் மேஜையில் ஒரு நூல்கண்டு இருக்கும். கல்யாணமான புதிதில் நான் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தால் அடுத்த வாரம் அவள் எனக்கு ஒன்று வாங்கிக் கொடுப்பாள். அதனால் அவளுக்கு மீட்டர் என்று பெயர் வைத்தேன். பதிலுக்கு அவள் எனக்கு வைத்த பெயரை இங்கே சொல்லும் உத்தேசம் இல்லை.

நான்தான் முதலில் போய் நின்றேன். ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது, உன் கிட்னி உனக்கே தேவைப்படும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் செய்தி எப்படியோ என் தங்கைக்குப் போய்விட்டது.

தங்கை தனிக்கட்டை. மாணவர் விடுதி ஒன்றின் சலவைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டு போர்வையும் படுக்கை விரிப்பும் துவைத்து, உலர்த்தி, மடிக்க வேண்டும். அவளும் என் மனைவியும் பேசிப் பல வருடமாகிறது. சொத்துத் தகராறு என்றால்கூட வெளியில் சொல்லலாம். இது அதைவிட மோசம். ஒரு முறை என் மனைவி படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள். தங்கை லீவு போட்டுவிட்டு வந்து, அவளைத் தூக்கி உட்காரவைத்து, தலை அலசிவிட்டு, கட்டுப் பிரிக்கும்வரை கூடவே இருந்தாள். கிளம்பும் அன்று என் மனைவி ஒரு கவரை அவள் கையில் வைத்தாள். உள்ளே பணம். தங்கை அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அண்ணி கொடுத்த சம்பளத்துக்கு ரசீது எழுதித் தர வேண்டுமா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கவரை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனவள்தான். அதற்குப் பிறகு இருவரும் ஒரே அறையில் இருந்தாலும் பேச்சு என் வழியாகத்தான் போகும். "உங்க தங்கச்சிய உட்காரச் சொல்லுங்க" என்பாள் ஒருத்தி. "நிக்கிறதுதான் என் வேலைன்னு அண்ணிகிட்ட சொல்லுண்ணா" என்பாள் மற்றவள்.

அப்படிப்பட்ட தங்கை ஒரு காலையில் சலூனுக்குள் வந்து, வக்கீலின் தாடையில் நான் கத்தி வைத்திருக்கும்போது, பின்னறைத் திரையைப் பார்த்துப் பேசினாள்.

"எனக்கு ரெண்டு இருக்குண்ணா. ஒண்ணு சும்மாதான கிடக்கு. எடுத்துக்கச் சொல்லு."

தையல் மெஷின் சத்தம் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து, சும்மா வருவது எதுவும் தனக்கு வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள் என் மனைவி. நான் சொல்லவில்லை, கேட்க வேண்டியவள் கேட்டுவிட்டாள். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல நடித்தார்.

நான் புத்திசாலித்தனமாக ஒரு வழி கண்டுபிடித்ததாக நினைத்தேன். சட்டம்தான் வந்திருக்கிறதே. தங்கைக்கு அரசாங்கம் பணம் கொடுத்துவிட்டால் அது இனாம் ஆகாது, மீட்டரும் சமாதானமாகிவிடும். மனைவி யோசித்துப் பார்த்துவிட்டு, அவள் அந்தப் பணத்தை வாங்கினால் தான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னாள். சந்தோஷமாகத் தங்கையிடம் ஓடினேன். அவள் என்னைக் கடித்துக் குதறாத குறை. அன்றைக்குக் கவரில் வைத்தது போதாதென்று இப்போது அரசாங்கத்தையே கவரில் வைத்துக் கொடுக்கச் சொல்கிறாளா என்று கேட்டாள். சலவைக் கூடத்தில் விஷயம் பரவி, எவ்வளவுக்குப் பேசியிருக்கிறாய் என்று கூட வேலை செய்கிறவர்கள் விசாரிக்கிறார்களாம். கொடுப்பேன், ஆனால் அந்தப் பணத்தைத் தொட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மனைவியோ அவள் தொடாவிட்டால் நான் தொட மாட்டேன் என்று மறு காலில் நின்றாள். நடுவில் நான் சவரக் கத்தியும் கையுமாகப் போய் வந்துகொண்டிருந்தேன். பரிசோதனையில் ரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது, எல்லாமே பொருந்தியது. இவர்கள் இரண்டு பேரைத் தவிர.

சரி, எப்படியாவது மருத்துவமனை விசாரணை முடியட்டும், பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரையும் அழைத்துக்கொண்டு போனேன். கொடுப்பவரையும் வாங்குபவரையும் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவதற்கென்று அங்கே ஓர் அம்மா இருந்தார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு மேஜை முழுக்கத் தேடுகிறவர். கேள்வியம்மா என்று பெயர் வைத்துக்கொண்டோம். நல்ல மனுஷி. அவர் கேட்டதையும் தான் சொன்னதையும் தங்கை பிறகு பஸ்ஸில் என்னிடம் ஒப்பித்தாள்.

எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டாராம். இவள் சொன்னது, "சும்மாதான்."

நன்றித்தொகை எந்த வங்கியில் போட வேண்டும் என்று கேட்டாராம். வேண்டாம் என்றாளாம். வேறு யாராவது பணம் தருவதாகச் சொன்னார்களா என்றதற்கு, எனக்கு யார் தருவார்கள் என்று சிரித்தாளாம். உங்கள் அண்ணியோடு உறவு எப்படி என்றதற்கு, பேச்சுவார்த்தை இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள்.

அடுத்து உள்ளே போன என் மனைவி இன்னும் ஒரு படி மேலே. கொடுப்பவருக்குப் பணம் போனால்தான் சம்மதிப்பேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டு வந்தாள்.

பேச்சே இல்லாத அண்ணிக்கு, காரணமே இல்லாமல், காசும் வேண்டாமென்று ஒருத்தி கிட்னி கொடுக்கிறாள். வாங்குகிறவளோ அவளுக்குக் காசு போயே ஆக வேண்டும் என்கிறாள். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பேன். கேள்வியம்மா என்னைக் கூப்பிட்டார். அரசாங்கம் கொடுக்கும் பணத்தை ஒருவர் வேண்டாம் என்றால், வேறு யாரோ மறைவாகக் கொடுக்கிறார்கள், அல்லது மிரட்டுகிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது என்றார். கிட்னித் தரகர்கள் புகுந்து விளையாடியதைப் பார்த்துத்தான் இப்படி விசாரிக்கும் விதியே வந்ததாம். நான் எங்கள் வீட்டுக் கவர் கதையை முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நம்பறேங்க. ஆனா நான் எழுதறதுக்கு ஒரு காரணம் வேணும். சும்மான்னு எழுத முடியாது."

விசாரணையை நிறுத்திவைத்துவிட்டார். மூன்று பேரும் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

பேசி முடிப்பதாவது. வீட்டில் இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். சும்மா என்ற ஒரு சொல் என் மனைவியின் உயிருக்கு உலை வைக்கும் என்று யார் கண்டது. தங்கை அதைச் சொன்னபோது, இதற்கெல்லாமா காரணம் கேட்பார்கள் என்ற அர்த்தத்தில் சொன்னாள். என் மனைவி காதில் அது இனாம் என்று விழுந்தது. கேள்வியம்மாவின் காதில் எதையோ மறைப்பதாக விழுந்தது. மூன்று பேர் மீதும் எனக்குக் கோபம் வந்தது. அதிலும் அந்தச் சொல்லின் மீது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இதற்கிடையில் டயாலிசிஸுக்காக மனைவியின் கையில் சரிசெய்து வைத்திருந்த ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கழுத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாயைச் சொருகினார்கள். அதில் கிருமி ஏறினால் ஆபத்து, அதிக நாள் வைத்திருக்க முடியாது, சீக்கிரம் ஒரு முடிவு எடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அன்று டயாலிசிஸ் முடிந்து வெளியே வந்ததும், வீட்டுக்கு வேண்டாம், விடுதிக்குப் போகலாம் என்றாள் மனைவி. எந்த விடுதிக்கு என்று நான் கேட்கவில்லை.

சலவைக் கூடத்தில் ஒரே நீராவி, சோப்பு வாசனை. பெரிய மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. தங்கை தனியாக நின்று, ஓர் அகலமான படுக்கை விரிப்பின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னோர் ஆள் பிடிக்க வேண்டிய வேலை அது. கூட்டாளி சாப்பிடப் போயிருந்தாளாம். என் மனைவி போய், தொங்கிக்கொண்டிருந்த மறுமுனையைப் பிடித்தாள். தங்கை அவள் கழுத்தில் இருந்த குழாயைப் பார்த்தாள். பார்த்துவிட்டு விரிப்பை உதறினாள். இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் வந்து முனைகளைச் சேர்த்தார்கள். ஒன்று முடிந்து இன்னொன்று எடுத்தார்கள். நான் சோப்புத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்றாவது விரிப்பில் என் மனைவிதான் ஆரம்பித்தாள். பல வருடங்களுக்குப் பிறகு, நடுவில் நான் இல்லாமல்.

"அன்னைக்கு உன்னை வேலைக்காரியா நினைச்சு அந்தக் கவரை வைக்கல. எனக்கு நன்றின்னு வாய்ல வராது. கையில இருக்கிறதக் குடுத்துடறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

தங்கை முனையைச் சேர்த்தாள். கிட்டே வந்தவள் விலகிப் போகவில்லை.

"எனக்கு அந்தப் பணம் வேணும் அண்ணி. அதனாலதான் வேண்டாம்னேன்."

பிறகு அவள் நிறுத்தவே இல்லை. தெருமுனையில் ஒரு சின்னக் கடை பூட்டிக் கிடக்கிறதாம். இரண்டு மெஷின் போட்டால் சொந்தமாகச் சலவைக்கடை நடத்தலாம், இனி யாருக்காகவும் நாள் முழுக்க நிற்க வேண்டாம், நினைத்தால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரலாம். சட்டம் வந்த அன்றே அந்தக் கடையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சலூனுக்கு வந்து கொடுக்கிறேன் என்று சொன்னது அதற்குப் பிறகுதான். "கடைக்காக வந்தேனா, உங்களுக்காக வந்தேனான்னு எனக்கே தெரியல அண்ணி. காசு மேல ஆசைப்பட்டுட்டு, பாசம்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு முகத்தை அந்த விரிப்பிலேயே துடைத்துக்கொண்டாள். துவைத்த விரிப்பு, மறுபடியும் துவைக்க வேண்டியதாயிற்று.

என் தங்கையை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று இவ்வளவு ஆசை இருந்தது எனக்குத் தெரியாது.

என் மனைவி விரிப்பை வாங்கி மேஜைமேல் வைத்தாள். நிற்க முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஜிப் வச்சுத் தரேன். காசு வாங்கறேன். காசு வாங்கறேங்கறதுக்காக என்னைக்காவது ஏனோதானோன்னு தைச்சிருக்கேனா? போட்டுக்கறவங்களுக்கு நல்லா இருக்கணும்னுதான தைக்கிறேன். ரெண்டும் ஒரே கையிலதான் இருக்கு. உனக்கு மட்டும் ஏன் ஒண்ணுதான் இருக்கணும்?"

நின்றது போதும், உட்காருங்கள் அண்ணி என்று தங்கை ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள். என்னைத் தூது அனுப்பாமல் நேராக அவளிடமே சொன்னாள். அந்த இடத்தில் என் உத்தியோகம் பறிபோனது. இவ்வளவு சந்தோஷமாக யாரும் வேலையை இழந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த விசாரணைக்கு மூவரும் ஒன்றாகப் போய் உட்கார்ந்தோம். கேள்வியம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, காரணம் கேட்டார். அண்ணி இருக்க வேண்டும், கடையும் வர வேண்டும், இரண்டும்தான் காரணம் என்றாள் தங்கை. அவர் அப்படியே எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, நான் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். இந்தப் பணம் இல்லையென்றால் கொடுத்திருப்பீர்களா?

நான் தங்கையின் முகத்தைப் பார்த்தேன். ஆமாம் என்று ஒரு பொய்யைச் சொல்லித் தொலையேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனசு இருந்திருக்கும்மா. அண்ணி காலை உடைச்சுக்கிட்டப்ப மாதிரி இப்ப லீவு கிடைச்சிருக்காது. லீவு போட்டா வேலை போயிருக்கும், வேலை போனா விடுதியில நான் இருக்கிற ரூமும் போயிருக்கும். இவ்வளவையும் யோசிச்சுட்டு, குடுத்திருப்பேன்னு அடிச்சுச் சொல்ல எனக்கு வாய் வரல."

கேள்வியம்மா பேனாவை வைத்துவிட்டு என் மனைவியைக் கேட்டார். இதைக் கேட்ட பிறகும் உங்களுக்குச் சம்மதமா? என் மனைவி தலையை நிமிர்த்தினாள். இப்போதுதான் முழுச் சம்மதம், தனக்காக ஒருத்தி வேலையையும் கூரையையும் இழந்துவிட்டுத் தருவதைத் தன்னால் உடம்பில் வைத்துக்கொண்டு வாழ முடியாது என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அன்று இரண்டு பேரையும் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிக்கொண்டு போனார்கள். தாலி கட்டியவளும் கூடப் பிறந்தவளும் ஒரே நேரத்தில் கத்திக்குக் கீழே. ஒருத்திக்கு ஏதாவது ஆனால் மற்றவளின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்துக்கொண்டே வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வக்கீல் ஒரு பிளாஸ்க்கோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. டீயை ஊற்றி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, இருவரும் நலம், வைத்துத் தைத்த உடனேயே கிட்னி வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, சிறுநீர் வந்துவிட்டது என்றார். மூத்திரம் வந்தது என்ற செய்திக்கு ஒரு மனிதன் தேம்பித் தேம்பி அழுததை அந்த வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தங்கை எழுந்து நடக்க ஆரம்பித்ததும், அண்ணியைப் பார்க்க வேண்டும் என்றாள். மாஸ்க் மாட்டிவிட்டு, சுவரைப் பிடித்தபடி கூட்டிக்கொண்டு போனேன். என் மனைவி படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்த ஓட்டம் தெரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டயாலிசிஸ் காலம் முழுக்க என் மனைவி தண்ணீரை மருந்துபோல அளந்து குடித்தவள். உதடு வெடித்தாலும் ஒரு வாய்க்குமேல் குடிக்கக் கூடாது. இப்போது எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம், குடித்தே ஆக வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார்.

"தண்ணி குடு" என்றாள் தங்கையைப் பார்த்து.

நான் ஜக்கை எடுக்கப் போனேன். உங்களைக் கேட்கவில்லை என்றாள். தங்கை ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டம்ளரில் ஊற்றி நீட்டினாள். என் மனைவி நிறுத்தாமல் குடித்தாள். குடித்துவிட்டு டம்ளரைத் திரும்ப நீட்டினாள். தங்கை ஊற்றினாள். அதையும் குடித்துவிட்டு மறுபடியும் நீட்டினாள்.

"வயித்தைக் கிழிச்சுக்கிட்டு வந்து நிக்கிறேன். நன்றின்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அதான் கவர்மெண்ட் சொல்லிடுச்சே. நீ தண்ணிய ஊத்து."

தங்கை சிரித்துவிட்டாள். சிரித்தால் தையல் இழுக்கும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். அவள் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு சிரித்தாள். அதைப் பார்த்து என் மனைவியும் தன் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாரிடமும் எதையும் கேட்காத என் மனைவி, டம்ளரை நீட்டிய கையை மடக்கவே இல்லை. தங்கை இன்னும் ஊற்றினாள்.